ஒரு பிடி அழுக்கு வைக்கோல்

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் இடுப்பு வலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? கவலைப்படும்படி இங்கே ஒன்றுமில்லை, சிரிக்கும்படிதான் ஒன்று.

அறைக்கூட்டாளி ஊருக்குப் போகும்போது தன் முயலை என் தலையில் கட்டிவிட்டான். அது ஒன்றுக்குப் போக மூலையில் தட்டு வைத்து வைக்கோல் பரப்பினேன். அது தட்டை விட்டுவிட்டு என் படுக்கையை நனைத்தது. நான்தான் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறவன் ஆயிற்றே, தட்டைத் தினமும் பிளீச்சிங் பவுடர் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். அப்படியும் படுக்கையில்தான் போனது. நன்றாக அதட்டினேன். என் செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் ஓட ஆரம்பித்துவிட்டது.

இஸ்திரி போடும் அக்கா இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அதோட வாசனையையே கழுவிட்டா, தன் இடம்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஒரு பிடி அழுக்கு வைக்கோலைத் தட்டுலயே விட்டு வை. அதட்டாத, பயந்தா இன்னும் அதிகமாத்தான் போகும்."

நாலே நாளில் பழகிவிட்டது.

போன லீவில் பாயை நனைத்ததற்காகப் பாப்பாவை அடித்தேனே. "நீங்க வந்ததுலேர்ந்துதான் இப்படி" என்று நீ சொன்னாய். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டுச் சாக்குச் சொல்கிறாய் என்று உன்மேலும் பாய்ந்தேன்.

அவள் காலைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு. செருப்பு வாங்கலாம் என்று போனேன். அளவு கேட்டார்கள், தெரியவில்லை.

கம்பெனி வேன் வந்துவிட்டது. முயல் கதையை அவளிடம் சொல். நான் அதட்டியதையும் சேர்த்தே சொல். அதை விட்டுவிட்டால், கதையில் வருவது அப்பா என்று அவள் நம்பமாட்டாள்.

பாப்பாவின் அப்பா