மகாபலிபுரத்தில் இரண்டு ராத்திரி

டிசம்பர் 8, ஞாயிறு

காலையிலேயே ஆரம்பித்துவிட்டான். சட்டை போட விடவில்லை. அவனோடு மல்லுக்கட்டியதில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கோகுலுக்கு இருபத்தாறு வயது, எழுபத்திரண்டு கிலோ, பேச்சு வராது. பிறந்தபோது அழவே இல்லை. அதற்கும் சேர்த்து இப்போது சத்தம் போடுகிறான்.

இவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "ரிட்டயர் ஆனதும் மகாபலிபுரம் போலாமா ராணி? டான்ஸ் விழா நடக்குது. ரெண்டு ராத்திரி தங்கினு நிம்மதியா வரலாம்" என்றார்.

நெமிலிச்சேரியில் ரிங் ரோடு பிடித்தால் இரண்டு மணி நேரம்தான். கல்யாணமான புதிதில் ஒரு தடவை போனது. கோகுல் பிறந்த பிறகு இருவரும் சேர்ந்து ஒரு கல்யாண வீட்டுக்குக்கூடப் போனதில்லை. ஒருத்தர் போனால் ஒருத்தர் வீட்டில்.

"இவன யாரு பாத்துக்குவாங்க? டான்ஸ் ஆடறவங்களா?" என்று கேலி செய்தேன்.

"திருவேற்காட்டுல ஒரு இல்லம் கீது. ரெண்டு நாள்னாலும் வச்சிப் பாத்துக்குவாங்களாம்."

எப்போது போய் விசாரித்தார் இவர்?

டிசம்பர் 10, செவ்வாய்

லாட்ஜ் பிடித்துவிட்டாராம். ஜனவரி நாலும் ஐந்தும். எந்தப் புடவை கட்டலாம் என்று யோசித்தேன். யோசித்ததற்கு என்னையே திட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

கோகுலையும் கூட்டிக்கொண்டு திருவேற்காடு போய்ப் பார்த்தோம். குறை சொல்லத்தான் போனேன், கண்ணில் ஒன்றும் படவில்லை. சுத்தமாக இருக்கிறது. கோகுலைப் போல பன்னிரண்டு பேர். பார்த்துக்கொள்கிற பெண் ஃபிசா, பூந்தமல்லிக்காரி, இருபத்திரண்டு வயது இருக்கும். எங்களை விட்டுவிட்டு நேராக அவனிடம் போய், "அண்ணே, உங்க பேரு இன்னா?" என்று கேட்டாள்.

அண்ணே. 'பாவம்', 'அது', 'அந்தப் புள்ள' என்றுதான் இதுவரை கேட்டிருக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அம்மா, அவருக்கு இன்னா புடிக்கும், எதுக்குக் கோவம் வரும், எப்டி சாப்டுவாரு, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றாள். நல்ல பெண். அதுதான் பிடிக்கவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

குளிப்பாட்டும்போது கோகுல் திமிறினான். இவர் வழுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பித்தார். முழங்கை சிராய்ந்துவிட்டது. மருந்து போடும்போதுதான் உண்மையைச் சொன்னார்.

"அங்க ஒரு எடம் காலியா கீது. இந்த ரெண்டு நாளு பழகிட்டான்னா, பொங்கலுக்கு அப்புறம் நிரந்தரமா வச்சிக்கறேன்றாங்க."

அப்போ டான்ஸு, கடலு, லாட்ஜு எல்லாம் இதுக்குத்தானா? என் வாயில தேன் தடவத்தானா?

கத்தினேன். "பெத்த புள்ளய எவ கையிலயோ குடுத்துட்டு நான் கடல வேடிக்க பாக்கணுமா? உனக்கு வெக்கமா இல்ல?" கல்யாணமான நாளிலிருந்து இவரை 'நீ' என்று சொன்னதில்லை.

இவருக்குக் கோபம் வரவில்லை. "நானோ நீயோ வுழுந்துட்டா அவன யாரு தூக்குவாங்க? நம்ம இருக்கும்போதே ஒரு எடத்துல பழகட்டும். ஒத்துவரலன்னா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். சத்தியம்."

சத்தியம் செய்ய கோகுல் தலையில் கை வைக்கப் போனார். தட்டிவிட்டேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

நாலு பக்கம் எழுதினேன். பட்டன் வைத்த சட்டை ஆகாது. தண்ணீரை முதலில் காலில் ஊற்ற வேண்டும். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் காதைப் பொத்திவிட வேண்டும். தயிர்சாதத்தில் பொரியல் பட்டால் தட்டு பறக்கும்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை. முதல் வாயை அவன் எதிரில் நான் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். அப்போதுதான் வாயைத் திறப்பான். இல்லையென்றால் பட்டினி கிடப்பான். இது இவருக்கே தெரியாது. குளிப்பாட்டுவது இவர், ஊட்டுவது நான். எங்கே போனாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

மறந்துவிட்டேன் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். மறக்கவில்லை. அவன் சாப்பிடாவிட்டால் ஒத்துவரவில்லை என்று ஆகிவிடும். அவ்வளவுதான்.

டிசம்பர் 31, செவ்வாய்

தொழிற்பேட்டை கம்பெனியில் இவருக்குக் கடைசி நாள். மாலை, சால்வை, சுவர்க்கடிகாரம். கோகுல் மாலையைப் பிய்த்து அறை முழுக்கப் போட்டான். இவர் சிரித்துக்கொண்டே பெருக்கினார்.

ஜனவரி 4, சனி. மகாபலிபுரம்

காலையில் விட்டுவிட்டு வந்தோம். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். திரும்பவே இல்லை.

சாயங்காலம் டான்ஸ். எட்டு பெண்கள் ஒரே மாதிரி கை வைத்து, ஒரே மாதிரி திரும்பினார்கள். இவர் சின்னப் பிள்ளை போல வாயைப் பிளந்து பார்த்தார். இந்த மனுஷன் ஒரு இடத்தில் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண் முழுக்க மடியில் இருந்த போன் மேல்தான்.

எட்டு மணிக்கு நானே கூப்பிட்டேன். "மதியமும் சாப்டல, இப்பவும் வாயத் தெறக்கலமா. நான் கூடவே கீறேன், நீங்க கவலப்படாதீங்க" என்றாள் ஃபிசா.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதத்தான் வேண்டும். என் பிள்ளை பட்டினி என்று கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 5, ஞாயிறு

காலையிலும் சாப்பிடவில்லையாம். இவர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அலையில் நின்றார். முகம் செத்துப் போயிருந்தது. "விடு, போயி கூட்டினு வந்துடலாம். உன் இஷ்டப்படியே ஆவட்டும்" என்றார். ஜெயித்துவிட்டேன். கோயில் பக்கமாகப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருத்தி குழந்தைக்கு பன் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூணு வேள. மூணு வேளயா அவன் வயிறு காயுது, நான் இன்னா மனுஷி?

அந்த முதல் வாய் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஃபிசா கத்தினாள்.

"அம்மா! சாப்ட்டாரு! மூணு இட்லி! நேத்துலேர்ந்து எனக்கும் ஒண்ணும் எறங்கல. பசி தாங்காம அவரு எதிர்ல உக்காந்து ஒரு வாய் துன்னேன். டபக்குனு வாயத் தெறந்துட்டாருமா!"

இருபத்தாறு வருடமாக எனக்கும் அவனுக்கும் மட்டும் இருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பசித்தது, தெரிந்துவிட்டது.

இவரிடம் சொன்னேன். அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். இரண்டும் ஒரே அழுகை என்று நினைத்துக்கொண்டார்.

ஜனவரி 6, திங்கள்

போனதும் என் தலையை முகர்ந்து பார்த்தான். எப்போதும் செய்வதுதான். இவர் "நீயே சொல்லு" என்றார். ஒத்துவரவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? மறைத்ததை இவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

விட்டுவிட்டு வந்தோம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தரங்கம்பாடி போகலாமா என்கிறார். இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம். சமையலை எட்டு மணிக்கே முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

மூன்று மணிக்கே திருவேற்காடு போய்விட்டோம். முடி வெட்டியிருக்கிறார்கள், நன்றாக இருக்கிறான். போன வாரம் வரைக்கும் கிளம்பும்போது என் முந்தானையை விடமாட்டான். ஃபிசா வந்து ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டும். அதைப் பார்க்கத் தெம்பில்லாமல் இவர் முன்னாலேயே வாசலுக்குப் போய்விடுவார். எனக்கு வாரம் முழுக்க அந்தப் பிடிதான் கதி.

இன்று நாலு மணிக்கு உள்ளே பெல் அடித்தது. காகித கவர் ஒட்டச் சொல்லித் தருகிறார்களாம். கோகுல் எழுந்தான். நாற்காலியில் கிடந்த என் கைப்பையை எடுத்து வந்து மடியில் வைத்தான். புரியாமல் அவனையே பார்த்தேன். பையை இன்னொரு தடவை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டான்.

வாசலில் இவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "இன்னா, அதுக்குள்ள வந்துட்ட?"

"அவனுக்கு வேல கீது" என்றேன்.