கிரீடத்தைக் கடித்த ஓட்டை

3 நவம்பர் 2025, திங்கள்

மன்னித்துக்கொள், டைரியே. மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. ஜாஹ்னவி இப்போதுதான் தூங்கினாள். ஒன்றரை வயதுக்கு இவ்வளவு பேச்சு எதற்கு?

அம்மா வீட்டுப் பழைய பெட்டியில் கிடைத்த 1945-ஆம் வருஷத்து ஓட்டைக் காலணாவை மறுபடி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓட்டை நடுவில் இல்லை; காசில் பொறித்த கிரீடத்தைக் கடித்துக்கொண்டு ஓரமாக இருக்கிறது. நாணயச்சாலையிலேயே நடந்த பிழை என்கிறேன் நான். மன்னார்புரம் நாணயச் சங்கத்துச் செயலாளர் சவரிநாதன் சார் நம்பவில்லை.

"யாராவது அரத்தால ராவியிருப்பாங்கம்மா. ராவினா ஓட்டை நீண்டுபோகும். நாணயச்சாலையில தப்பா விழுந்திருந்தா இடம்தான் மாறும், வட்டம் மாறாது. தெளிவா ஒரு படம் அனுப்புங்க, ஞாயித்துக்கிழமை கண்காட்சில வைக்கலாம்."

நான் முதன்முதலாகக் கண்டுபிடித்த பிழை. போனில் எடுத்தால் நிழல் விழுந்து முட்டை மாதிரி தெரிகிறது. எம்.எஸ்ஸி. படித்து என்ன பயன்?

4 நவம்பர்

பதினேழு படம். பதினேழும் முட்டை.

5 நவம்பர், புதன்



காலையில் ஜாஹ்னவியைக் குளிப்பாட்டி மாமியாரிடம் கொடுத்துவிட்டு, மாடியில் துணி உலர்த்தப் போனேன். வந்து பார்த்தால் மேஜையில் லென்ஸ் இருக்கிறது, காசு இல்லை! மாமியார் கோயிலுக்குக் கிளம்பிப் போயாச்சு, போனை வீட்டிலேயே வைத்துவிட்டு. ஜாஹ்னவி எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"காசு எங்கடி கண்ணு?"

"மம்மு."

அவ்வளவுதான், என் உயிர் என்னிடம் இல்லை. கணவர் ரகுராமை ஆபீஸிலிருந்து வரவழைத்து, புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. "கழுத்து, கை, காதுல ஏதாவது போட்டிருக்கா?" என்று எக்ஸ்ரே எடுப்பவர் கேட்டார். வளையல், தோடு எல்லாம் கழற்றினேன். அரைஞாண் கயிறு? குழந்தை உடம்போடு பிறந்தது மாதிரி அது, யாருக்கு ஞாபகம் வரும்?

படத்தில், வயிற்றுக்குள் வெள்ளையாக — காசு.

நான் அழுதேன். "பதறாதே ஹம்ஸா" என்று சொல்லிவிட்டு ரகுராம் தரையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், கவுனைத் தூக்கினார்.

"விழுங்கலைம்மா. மாட்டிக்கிட்டு இருக்கா."

வீட்டுக்கு வந்து கேட்டால் மாமியாருக்கு ஒரே ஆச்சரியம். "ஓட்டைக் காசு அரைஞாண்ல கோக்கறதுக்குத்தானே? திருஷ்டி படாம இருக்கட்டும்னு கோத்தேன். பாத்தியா, ஆஸ்பத்திரி வரைக்கும் போயும் கொழந்தைக்கு ஒண்ணும் ஆகலை!"

இனி அதைக் கழற்ற விடமாட்டாராம். போச்சு, கண்காட்சி.

6 நவம்பர், வியாழன்

ரகுராம் எக்ஸ்ரேயை ஜன்னலில் ஒட்டிவைத்து, போகும்போதும் வரும்போதும் சிரித்துக்கொண்டிருந்தார். பிடுங்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். லென்ஸ் எடுத்துவந்தேன். பிறகு காம்பஸ்.

சவரிநாதன் சாருக்கு இப்போது அனுப்பியது:

"சார், தெளிவான படம் இணைத்திருக்கிறேன். ஓட்டை ஓரமாக இருக்கிறது, ஆனால் சுத்த வட்டம். காம்பஸ் வைத்துப் பார்த்துவிட்டேன், நீங்களும் பாருங்கள். சுற்றிலும் தெரிவது என் மகளின் எலும்புகள், அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காசு குழந்தையோடுதான் வர முடியும். மதியம் ஒரு மணிக்கு மேல் அவள் தூங்கிவிடுவாள். எத்தனை மணிக்கு அழைத்துவரட்டும்? சீக்கிரம் பதில் போடுங்கள், சார்."