மவனோட டென்ஷன் என் கையில

நவம்பர் 3, திங்கள்

அப்பு சேட்டன் சாயாக்கடைல இன்னிக்கு நல்ல தர்க்கம். டென்ஷன் ஜாஸ்தி இந்தக் காலத்துப் பசங்களுக்கா, இல்ல நமக்கு இருந்துச்சான்னு. நான் சொன்னேன்: "நம்ம காலத்துல அப்படி ஒரு சரக்கு பஜார் ரோட்டுல வந்து எறங்கவே இல்ல சேட்டா. வந்திருந்தா நானும் சுக்கோட சேத்து ரெண்டு மூட்டை எடுத்து வித்திருப்பேன்." கடையே சிரிச்சுது.

வீட்டுக்கு வந்தா ஷானவாஸ் மாடியில கதவச் சாத்திட்டு கம்ப்யூட்டர் முன்னாடி. நாப்பது வயசு மவன். டாக்டர் பிரஷர் மாத்திரை எழுதிக் குடுத்துட்டாரு. எனக்கு எழுபத்தாறு. மாத்திரைன்னா என் பொஞ்சாதி பீவி குடுக்குற இஞ்சி மிட்டாய்தான்.

நவம்பர் 5, புதன்

கம்பெனிக்காரன் அவனுக்கு ஒரு வாட்ச் குடுத்திருக்கான். மணி பாக்க இல்ல, டென்ஷன் பாக்க! நெஞ்சுத் துடிப்பப் பாத்து பச்சை, மஞ்சள், செவப்புன்னு மாறும், கணக்கு நேரா கம்பெனிக்குப் போவும். இந்த மாசம் பச்சையில நின்னாத்தான் புதுசா வர்ற புராஜெக்டுக்கு இவன் தலைவன். ரெண்டு வருஷமா அதுக்காகத்தான் கெடந்து ஒழைக்கிறான். செவப்பு வந்துடுமோன்னு பயந்து பயந்து பாக்குறான். பாத்ததும் செவப்பாவுது.

"எங்கிட்டக் குடு மோனே. நான் பொறந்ததுலேந்தே பச்சை."

"அத்தா, இது வெளையாட்டில்ல."

சாயங்காலம் அவனே கழட்டிட்டு எறங்கி வந்தான். எனக்குக் கட்டிவிடுறப்ப கொக்கி மூணு தடவை நழுவுச்சு அவனுக்கு. ஸ்ட்ராப் டைட்டு, அதனாலதான்.

இதெல்லாம் எழுதுறேனே, யாராச்சும் படிச்சுட்டா? ஷானவாஸும் மருமவ நௌரினும் இங்கேயே படிச்சவங்க, மலையாளம்தான் படிக்க வரும். பீவிக்குத் தமிழ் வரும். ஆனா அவ கண்ணாடி ரெண்டு நாளா காணோம். அரிசி டப்பாவுக்குப் பின்னால பத்திரமா இருக்கு. நான்தான் வெச்சேன்.

நவம்பர் 7, வெள்ளி

ஜும்மா. பிரியாணி. தூக்கம். பச்சையோ பச்சை.

சாயாக்கடைல கைய நீட்டி எல்லாருக்கும் காட்டினேன். "பாத்துக்குங்க, கம்பெனிக்காரனே ஒத்துக்கிட்டான்."

நவம்பர் 10, திங்கள்

பீவிக்கு முட்டி வலி. மாடிக்குச் சாயா கொண்டுபோற வேலை எனக்கு வந்துச்சு. நாலு மணி. கதவுக்கு அந்தப்பக்கம் ஷானவாஸ் மேலதிகாரியோட பேசுறான். அந்தாளு எந்த நாட்டுல இருந்துட்டுக் கத்துறானோ. இவன், "சாரி சார்... என் தப்புதான் சார்... சாரி"ங்கிறான். மூணாங்கிளாஸ்ல கணக்கு வாத்தியார் முன்னாடி நின்னானே, அதே கொரல்.

கதவத் தட்டல. சாயா ஆறிப்போச்சு. படியிலேயே உக்காந்து நானே குடிச்சுட்டு எறங்கிட்டேன்.

வாட்ச் செவப்பு. படி ஏறினதுனால இருக்கும்.

நவம்பர் 11

செவப்பு. படிதான்.

நவம்பர் 12

இன்னிக்குப் படி ஏறவே இல்ல, படிக்குக் கீழேயே நின்னு கேட்டேன். அப்பவும் செவப்பு. வாட்ச் கெட்டுப்போச்சு போல.

நவம்பர் 13, வியாழன்

ஷானவாஸ் ஃபோன்ல வாட்ச் கணக்கப் பாத்துட்டு கேட்டான்: "அத்தா, நாலு மணிக்கு மட்டும் என்ன பண்றீங்க?"

"அப்பு கடைல கேரம்ஸ்."

"அங்க ஏது கேரம் போர்டு?"

"புதுசு."

நம்பிட்டான், பாவம். "ஜெயிக்கணும்னு ஆடாதீங்க அத்தா. சும்மா ஆடுங்க"ன்னு எனக்கு புத்தி சொல்றான். யாரு! இவன்!

நவம்பர் 17, திங்கள்

போச்சு.

கம்பெனிலேந்து மாதுரின்னு ஒரு பொண்ணு ஷானவாஸுக்கு ஃபோன் பண்ணுச்சு. பாசமாத்தான் பேசுச்சாம். 'தினம் நாலு மணிக்கு உங்க நெஞ்சு தாங்க மாட்டேங்குது, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க'ன்னு. அந்த மீட்டிங்லேந்து இவன எடுத்தாச்சு. புராஜெக்ட் நிகிலுக்கு. இவன்கூட வேலை பாக்குற பையன்தான். அவன் வாட்ச் எப்பவும் பச்சையாம். எப்படிடான்னு ஷானவாஸ் கேட்டிருக்கான். மீட்டிங் நேரத்துல கழட்டி வெச்சுடுவேன்னானாம்.

கழட்டி வெக்கிறது! எங்க ரெண்டு பேர் மண்டையிலயும் அது ஏறல பாரு.

"கேரம்ஸா அத்தா?"ன்னு கேட்டான். நான் வாயத் தொறக்குறதுக்குள்ள பீவி அடுக்களைலேந்து, "கேரம்ஸும் இல்ல ஒண்ணும் இல்ல. நீ திட்டு வாங்குறத நின்னு கேட்டுட்டு, உன் சாயாவையும் குடிச்சுட்டு வர்றாரு உங்கத்தா."

திட்டுவான்னு பாத்தேன். திட்டியிருக்கலாம். ரெண்டு வருஷ ஒழைப்ப என் மணிக்கட்டு தின்னுடுச்சே. வாட்ச வாங்கிட்டு மேல போயிட்டான்.

கிண்டல் பண்ண ஒண்ணும் வரல எனக்கு. இப்படி ஆனதே இல்ல.

நவம்பர் 18

பீவிகிட்ட சொன்னேன், "நாப்பது வருஷம் சுக்கு யாவாரம் பண்ணினேன், ஒரு நாளும் நெஞ்சு இப்படி அடிச்சதில்ல"ன்னு.

"எப்படி அடிக்கும்? குடோன் ஒழுகி சுக்கு மூட்டையெல்லாம் நனைஞ்சுதே, அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"பந்து களி பாக்க..."

"ஆமா, பந்து களி, ஃபுட்பால் மேட்ச். எல்லாம் சரியாயிடும்டின்னு சொல்லிட்டுப் போனீங்க. ஷானவாஸ் அப்ப வயித்துல. கட்டில் மேலகூட சுக்கப் பரப்பி, கரி அடுப்பு மூட்டிக் காயவெச்சது யாரு? உங்களுக்கு டென்ஷன் இல்லன்னு ஊரெல்லாம் சொல்றீங்களே. அது பூரா எங்கிட்ட இருந்துச்சு."

அந்த நாள் கதைய நானும் சாயாக்கடைல நூறு தடவை சொல்லியிருக்கேன். என் கதையில பந்து மட்டும்தான் வரும்.

இன்னொண்ணு கேக்க நெனச்சு கேக்கல. எனக்கு முன்னாடி மாடிக்குச் சாயா கொண்டுபோயிட்டு இருந்தது இவதானே? தினம் நாலு மணிக்கு?

நவம்பர் 21, வெள்ளி

நாலு மணிக்கு மாடிக் கதவு தொறந்துச்சு. ஷானவாஸ் எறங்கி வந்து என் எதிர்ல உக்காந்தான். "என் சாயா இருக்கா, இல்ல அதையும் குடிச்சாச்சா?"

"பாதிதான் மோனே."

சிரிச்சுட்டான். எத்தனை மாசம் ஆச்சு!

அப்புறம் பாக்கெட்லேந்து வாட்ச எடுத்து பீவி கையில கட்டினான். "இனி இது எனக்கு வேண்டாம். நீங்க கட்டுங்க அம்மா." பீவி கைய தூரத்துல வெச்சுப் பாத்தா, கிட்டத்துல வெச்சுப் பாத்தா. "என்ன கலரு? எனக்கு மங்கலாத் தெரியுது."

செவப்பு. சும்மா உக்காந்திருக்கா, மவன் எதிர்லயே இருக்கான், செவப்பு. நாங்க ரெண்டு பேரும் பாத்தோம். ரெண்டு பேரும் சொல்லல.

ஷானவாஸ்தான் மெதுவா, "இப்ப என்னம்மா கவலை?"ன்னு கேட்டான்.

"கவலையா? ராத்திரி பத்திரி சுட அரிசி மாவு பத்தாது. நௌரின இன்னும் காணோம். நீ மாத்திரை போட்டியா இல்லியான்னு தெரியல. இதுல என் கண்ணாடி வேற போன எடம் தெரியல."

நான் எழுந்து போயி அரிசி டப்பாவுக்குப் பின்னாலேந்து கண்ணாடிய எடுத்து, வேட்டி நுனியால தொடச்சு அவ கையில குடுத்தேன்.

இனிமே இந்த டைரில பாத்துத்தான் எழுதணும்.