கேட்காத ஓட்டு

1826 மே 29

வெல்பரியில் இன்றும் ஓட்டு வேட்டை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். இந்த ஊர் வழக்கம் அப்படி. வேட்பாளன் தானே வந்து, கதவைத் தட்டி, கைகுலுக்கி, வாய்விட்டுக் கேட்க வேண்டும். கசாப்புக்கடை டப்ஸ் கையைத் துடைக்காமலே நீட்டினார். சளைக்காமல் குலுக்கினேன். அவர் மனைவி கன்னத்தைக் காட்டினாள், முத்தமும் ஆயிற்று.

எனக்கு எதிராக நிற்கும் பீர் ஆலைக்காரன் மோர்டன் என்னை அசைத்துவிடுவானாம். அசைக்கட்டும், பார்ப்போம்!

ஜூன் 2

பழைய குதிரை லாயத்தை இடித்து சைலஸ் பென்னக்குக்கு நான் கட்டிக்கொடுத்த ஓவியக்கூடத்துக்குப் போனேன். கதவைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே. என் முன்கூடத்துக்காக அவன் வரையும் துறைமுகப் படம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. வானத்தில் இன்னும் கொஞ்சம் நீலம் வை என்றேன். அவன் தூரிகையைக் கழுவப் போய்விட்டான். கலைஞன், அப்படித்தான் இருப்பான். இப்படிப்பட்ட கையைக் கண்டுபிடிக்க இந்த மாவட்டத்தில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இன்றைய ஓவியர்களின் இப்படிப்பட்ட படங்களைச் சுமைக்கூலிக்காரனும் வந்து காசில்லாமல் பார்க்க, லண்டனில் ஒரு கூடம் வேண்டும். மக்களவையில் அதைக் கேட்க என்னைத் தவிர ஆளில்லை. அதற்காகவே இந்த முறை ஜெயித்தாக வேண்டும்.

ஜூன் 9

சாப்பாட்டு மேசையில் அகஸ்டா அக்கா ஆரம்பித்தாள். சைலஸுக்கும் ஓட்டு உண்டாம்; நகர உரிமை உள்ளவனுக்கு ஓட்டு, அது அவனுக்கு அப்பா வழியில் வந்ததாம். அவனிடம் கேட்டாயா என்றாள். சிரிப்பு வந்தது. என் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனிடம் போய் ஓட்டுக் கேட்பதா?

"அவனும் இந்த ஊர்க்காரன்தானேடா," என்றாள்.

அக்காவுக்கு எப்போதும் நாக்கு நீளம்.

ஜூன் 14

ஜெயம் நிச்சயம். ஊர்வலத்துக்கு வாத்தியக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது.

ஜூன் 16

தோற்றேன். ஒரே ஓட்டில்.

சாயங்காலம் மோர்டனும் நானும் சமம். ஓட்டுப்பதிவை முடிக்கப் போகும் நேரத்தில் சைலஸ் மேடை ஏறினான். என் ஆட்கள் தொப்பிகளை வீசினார்கள், நானும் கையசைத்தேன். இங்கே ஓட்டில் ஒளிவுமறைவு கிடையாது. ஊர் கேட்கப் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னான்.

"மோர்டன்."

என் உப்பைத் தின்னுட்டு! என் கூரைக்குக் கீழ படுத்துக்கிட்டு — எனக்கு எதிராவா? மேடைக்குக் கீழே மறித்து இதையே கேட்டேன். குரலை உயர்த்தாமல் சொன்னான்:

"எல்லார் கதவையும் தட்டினீங்க ஐயா. என் கதவை மட்டும் தட்டல. மோர்டன் கேட்டாரு."

ஜூன் 17

அவனை இன்றே வெளியேற்றச் சொல்லி ஆள் அனுப்பப் போனேன். அக்கா வழியை மறித்தாள்.

"தாராளமா துரத்து. அவனுக்கு நீ செஞ்சதெல்லாம் இந்த ஒரு ஓட்டுக்காகத்தான்னு ஆயிடும்."

அப்படியா? அதற்காகவா செய்தேன்? இல்லை. இல்லவே இல்லை. ஆனாலும் யாரையும் அனுப்பவில்லை. இரத்தம் தோய்ந்த டப்ஸின் கையைக்கூடக் குலுக்கியிருக்கிறேன். சைலஸின் சாயம் பட்ட கையை ஒருநாளும் குலுக்கியதில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 24

காலையில் ஓவியக்கூடத்துக்குப் போனேன். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு தட்டினேன்.

"யாரு?"

"ஆம்ப்ரோஸ் தார்ன். உங்க ஓட்டைக் கேட்டு வந்திருக்கேன்."



"தேர்தல் முடிஞ்சிடுச்சே ஐயா."

"அடுத்த தேர்தலுக்கு."

"யோசிச்சுச் சொல்றேன். தூரிகை ஈரமா இருக்கு, கொஞ்சம் நில்லுங்க."

என் சொந்த முற்றத்தில், நான் வைத்த கதவுக்கு வெளியே, தொப்பியும் கையுமாக நின்றேன். அப்புறம் அவனே வந்து திறந்தான். படத்து வானத்தில் அவன் நீலத்தைக் கூட்டவே இல்லை. அதுதான் சரியாகவும் இருந்தது.