என் வலது காது விஷயம்

12.06.2025 வியாழன்
ஞாயிற்றுக்கிழமை வவுனியாவிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா இன்றைக்கே கதிரைகளை அடுக்கிப் பார்த்துவிட்டார். என்னுடையது வலது பக்கச் சுவரோடு. "இதில இருந்தா எல்லாரும் உனக்கு இடது பக்கந்தான் வருவினம். காது விஷயம் ஒருத்தருக்கும் தெரியாது."

2009இல் பக்கத்தில் விழுந்த ஷெல் என் வலது காதின் கேட்கும் சக்தியைக் கொண்டுபோனது, காதடியில் ஒரு சின்னத் தழும்பை விட்டுப்போனது. அப்போது எனக்குப் பத்து வயது. ஒளித்து வைக்க நான் என்ன களவா எடுத்தேன்?

15.06.2025 ஞாயிறு
வந்தார்கள். சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தேன். மாப்பிள்ளை பெயர் விஜிதரன், வயரிங் வேலை. என்னைப் பிடித்துவிட்டதாம். எனக்கும் அவரைப் பிடித்திருக்கிறது. அதுதான் எரிச்சல்.

19.06.2025 வியாழன்
காது கிளினிக். சோதிக்கிற மிஸ்ஸிடம் நெடுநாள் சந்தேகத்தைக் கேட்டேன். நான் வேலை செய்யும் பால் சேகரிப்பு நிலையத்தில் மெஷின் ஓடும்போது ஆட்கள் சொல்வது எனக்குப் பிந்தித்தான் விளங்குகிறது. ஆனால் கோபமா, பயமா, நடிப்பா என்பது உடனே தெரிகிறது. ஏன்?

அவர் தாளில் ஒரு தலையை வரைந்தார். வலது காதில் விழுவது கூடுதலாக மூளையின் இடது பக்கம் போகுமாம். அனேகமானோருக்குச் சொற்களைப் பிரித்தறிவது அந்தப் பக்கம். இடது காதில் விழுவது வலது பக்கம் போகும். ராகமும் குரலின் ஏற்ற இறக்கமும் அங்கே. "ஆனா வித்தியாசம் சின்னன், தயாளினி. சத்தத்துக்குள்ளதான் கொஞ்சம் தெரியும். ஒரு காதால மட்டும் கேக்கிறதும் உங்களுக்குக் கஷ்டந்தானே."

சின்னனோ பெரிதோ, எனக்கு மிஞ்சியது குரலைப் பிடிக்கிற காது. இதை வைத்துக்கொண்டே நான் சமாளிப்பேன்.

22.06.2025 ஞாயிறு
விஜிதரன் எனக்குப் போன் எடுத்தார். காது விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அம்மாவுக்கு மட்டும் சொல்ல வேண்டாம்."

சொற்கள் நல்ல சொற்கள்தான். குரல் பயந்த குரல். கதிரை அடுக்கிய அன்றைக்கு என் அம்மாவுக்கு இருந்த அதே குரல்! ஒரு வீட்டில் ஒளித்தது போதாதா? இன்னொரு வீட்டிலும் ஆயுள் முழுக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருக்கவா? ஏலாது. மாட்டன்.

23.06.2025 திங்கள்
அவருடைய அம்மாவுக்கு நானே போன் எடுத்தேன். "மாமி, எனக்கு வலது காது கேக்காது. வேண்டாமெண்டா இப்பவே சொல்லுங்கோ." அவர் போனை வைத்துவிட்டார்.

அம்மா குசினியில் அடுப்புக்கு முன்னால் இருந்து அழுகிறார். அழட்டும். நானும் அழுதேன், அது வேறு விஷயம்.

06.07.2025 ஞாயிறு
இரண்டு வாரமாக அங்கிருந்து ஒரு கதையும் இல்லை. அம்மா என்னோடு கதைப்பதில்லை. வேண்டுமென்றே என் வலது பக்கம் நின்று புறுபுறுக்கிறார்.

11.07.2025 வெள்ளி
விஜிதரன் தனியாக பஸ்ஸில் வந்தார். "எனக்குப் பயந்தான். உம்மட்ட மறைக்கச் சொன்னது பிழை. அம்மாவோட சண்டை பிடிச்சு ஓமெண்ட வச்சிட்டன்."

இந்தமுறை குரலும் அதையேதான் சொன்னது. நானும் ஓம் என்றேன்.

24.08.2025 ஞாயிறு
ஐயர் வந்து கலியாண முறையை விளங்கப்படுத்தினார். தாலி கட்டும்வரை மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். கட்டியதும் இடப்பக்கம் மாற வேண்டும்.

அப்போதுதான் உறைத்தது. மாறினால் அவர் என் கேட்காத பக்கம். மேளமும் சனமும் இரைய, புருஷன் சொல்லும் முதல் வார்த்தையே எனக்கு விழாது. மாறமாட்டேன் என்றேன். அம்மா தலையில் கை வைத்துவிட்டார். "சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். இடது பக்கம் நிண்டு சொல்லச் சொல்லுங்கோ."

29.08.2025 வெள்ளி
கலியாணம் முடிந்தது. நான் மாறவில்லை. ஐயர் இரண்டு தரம் சொன்னார். "இப்பிடியே இருக்கட்டும் ஐயா" என்றார் விஜிதரன். அந்த மேளத்துக்குள்ளும் கேட்டது.

20.09.2025 சனி
அம்மா வீட்டுக்கு எல்லோரும் வந்திருந்தோம். மாமியும் சொந்தக்காரரும் சுற்றியிருக்கக் கலியாணப் பட அல்பத்தை விரித்தோம். பெரிய படத்தில் நான் அவருக்கு இடப்பக்கம் இருக்கிறேன்! சேலைத் தலைப்பு வலது தோளில். காதடித் தழும்பு இடது பக்கம். கண்ணாடியில் தெரிவதுபோலப் படத்தையே திருப்பியிருக்கிறார்கள். மாமியைப் பார்த்தேன். "நான்தான் ஸ்டூடியோவில சொன்னனான். பாக்கிற ஆக்களுக்கு முறையா இருக்கட்டுமெண்டு" என்றார்.

கோபத்தில் போனை எடுத்து ஸ்டூடியோவுக்கு அடித்தேன். நான் வாய் திறக்க முதல் அம்மா அதைப் பறித்துவிட்டார். சமாளிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி, கலியாணப் படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறியள். என்ர பிள்ளைக்குக் கேக்காதது வலது காது." வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "இடது இல்லை, வலது. சரியாப் போட்டு அனுப்புங்கோ."

குரலில் நடுக்கமே இல்லை.