ஸ்த்ராஷ் என்றால் காவல்

மார்ச் 20, புதன்

நோன்பு நாளில் பாலர் பாடசாலைப் பிள்ளைகளை மேய்ப்பது லேசுப்பட்ட வேலையில்லை. இன்று ஒரு குட்டி வந்து, "டீச்சர், நானும் நோன்பு" என்றது. வாயைச் சுற்றி சொக்லட். சிரித்துவிட்டேன்.

ஸிபான் போலந்துக்குக் காளான் பண்ணை வேலைக்குப் போன புதிதில் கூப்பிட்டவுடன் போனை எடுப்பார். இப்போது சனிக்கிழமைகளில் எடுப்பதே இல்லை. கேட்டால், "வேல ஒண்டு" என்கிறார். சனிக்கிழமை பண்ணை பூட்டு என்று சொன்னவரும் இவர்தானே? நான் என்ன மடச்சியா? புருஷன் தூரத்தில் இருந்தால் மனம் எதையெல்லாம் நினைக்கும்!

மார்ச் 23, சனி

அல்லாஹ்வே. எழுத்தெல்லாம் கோணல்மாணலாப் போகுது.

பின்நேரம் வத்தேகம ஆஸிகா ஒரு போட்டோ அனுப்பினாள். அவளுடைய புருஷனும் அதே பண்ணையில்தான் வேலை. வரிசையாக ஆட்கள், எல்லோருக்கும் ஒரே கறுப்பு உடுப்பு, மினுங்குகிற பொத்தான், தலையில் இரும்புத் தொப்பி. கடைசியில் நிற்பது என் ஸிபான்! கீழே அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ எழுதியிருந்தது. போனில் போட்டுத் தமிழாக்கினேன். "எங்கள் காவல்படை" என்று வந்தது. ஆஸிகா கேட்டிருந்தாள்: "ராத்தா, உங்கட ஆள் பட்டாளத்துல சேந்துட்டாரா?"

போலந்துக்குப் பக்கத்து நாட்டில் யுத்தம் நடக்குது. வேலை என்று கூட்டிப்போய் எங்கட ஆட்களை யுத்தத்தில் தள்ளிவிட்ட கதையெல்லாம் டீவியில் பார்த்தவள் நான். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். மணி போகுது, ஆள் இல்லை. பாங்கு சொல்லியும் ஈத்தம்பழம் கையிலேயே இருந்தது. ரிஸ்னாதான், "உம்மா, நோன்பத் தொறங்க" என்று என்னை உலுக்கினாள். பிள்ளைக்கு என்ன சொல்வது? உன் வாப்பா யுத்தத்துக்குப் போய்ட்டார் என்றா?

மார்ச் 24, ஞாயிறு, போயா விடுமுறை

பட்டாளம் இல்லை. நெருப்பணைக்கிற சங்கமாம்! விடிந்ததும் அவரே கூப்பிட்டார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"எனத்துக்கு முன்னமே சொல்லல்ல?"

"நீங்க ஏசுவீங்கண்டுதான்."

பிறகு ஒவ்வொன்றாகக் கக்கினார். சனிக்கிழமைதான் பயிற்சியாம். சங்கத்துக் கூரைமேல் இருக்கிற அபாயச் சங்கு ஊதினால் ஊரே நெருப்பணைக்க ஓடுமாம். ரொட்டிக்காரன் பிசைந்த மாவை அப்படியே போட்டுவிட்டு ஓடுவானாம். சம்பளம் கிடையாது. ஊர்க் கல்யாணங்கள் அந்தச் சங்கத்து மண்டபத்தில்தான் நடக்குமாம், பேண்ட் வாத்தியமும் அவர்களுடையதுதானாம். பெண்களுக்குத் தனிச் சங்கம். அவர்கள் சமைக்காமல் அங்கே ஒரு விசேஷமும் இல்லையாம். "நம்மட ஜனாஸா சங்கம் மாதிரி வெச்சிக்கோங்களேன். யார்ட மையத்து வீடெண்டு பாக்காம ஓடுறதுதானே" என்றார். போனும் முழுப் பொய் சொல்லவில்லை. நெருப்பணைக்கிற படையை அந்தப் பாஷையில் 'ஸ்த்ராஷ்' என்பார்களாம். காவல் என்று அர்த்தமாம்.

"சம்பளமில்லாம நெருப்புக்குள்ள பாயப் போறீங்களா? பைத்தியமா உங்களுக்கு?"

மெல்ல, "எங்கட கட எரியக்கொள்ள நான் வாளியோட நிண்டன், நஸ்லியா. எனத்த செய்யிறண்டு தெரியாமத்தான் நிண்டன். இப்பத் தெரியும்" என்றார்.

திகனயில் கலவரக்காரர்கள் எங்கட ஆட்களின் கடைகளை எரித்த அந்த மார்ச்சைப் பற்றி இந்த மனிதர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 27, புதன்

கோபம் ஆறவில்லை. ஆனாலும் அந்த உடுப்பில் ஆள் அழகாகத்தான் இருக்கிறார்.

மார்ச் 30, சனி

இனி நான் வெளியே தலைகாட்டேலா.

இன்னொரு போட்டோ. நேற்று பெரிய வெள்ளியாம், அந்த ஊர்க் கோயிலுக்குள் எடுத்தது. பூக்களுக்கு நடுவே அவர்களுடைய இயேசுவின் சிலை, மரித்த கோலத்தில் படுத்திருக்கிறது. தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர், தொப்பியும் உடுப்புமாக விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கால்மாட்டில் ஸிபான். றமழான் மாதத்தில்! நோன்போடு!

ஆஸிகா இதை எனக்கு மட்டுமா அனுப்பினாள்? வட்ஸ்அப் குழு முழுக்கப் போய்விட்டது. லுஹர் தொழுகைக்குப் பிறகு மஹ்ரூப் நானா வந்தார். என் கூடப் பிறந்தவர், பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருக்கிறார். சலாம்கூடச் சொல்லவில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது எனத்த? மதம் மாறிட்டானா உன்ட மாப்பிள்ளை?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் யாரைக் கேட்பேன்?

மார்ச் 31, ஞாயிறு

அவர் மறுக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. "அது நான் இல்ல" என்று ஒரு பொய்யாவது சொல்லக்கூடாதா?

"ஓ, நான்தான். வருசா வருசம் அந்தச் சிலைக்குச் சங்கத்து ஆக்கள்தான் காவல். நிக்க வேண்டிய ஆள்ட கால் மடங்கிட்டு. சங்கத் தலைவர், ஏலுமாண்டு கேட்டார். நோன்பெண்டு சென்னன். இண்டைக்கு நாங்களும் நோன்புதான் எண்டார். கும்பிடல்ல நஸ்லியா, குனியவுமில்ல. காவல் நிண்டன், அவ்வளவுதான். நேரமானதும் அந்தப் பொம்பிளைகள் இறைச்சி படாத சூப் கொண்டாந்து தந்தாங்க, அதுலதான் நோன்பு தொறந்தன்."

"ஊர்ல எனத்த பேசுறாங்கண்டு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். ஒண்டு சொல்லுங்க. குண்டு வெடிச்ச அண்டைக்கிருந்து நம்மட ஊர்ல பெரிய வெள்ளிக்குக் கோயில் வாசல்ல ஆமிக்காரங்க துவக்கோட நிக்கிறாங்களே, யாருக்குப் பயந்து?"

எனக்குத் தெரியாதா? எங்கட பேருள்ள சிலர் கோயில்களில் குண்டு வெடிக்கவைத்த அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் எழுந்து போனவர்களை நான் மறந்துவிட்டேனா?

"இங்க என்ட பேரக் கேட்டு ஒருத்தரும் பயப்படல்ல. அவங்கட கோயிலுக்கு என்னயக் காவல் நிக்கச் சென்னாங்க. என்னய!"

அழுகிறாரா என்று தெரியவில்லை. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் ஆத்திரமும் போகவில்லை. அவருக்கென்ன, அங்கே இருக்கிறார். மீன் கடையில் என் முகத்தைப் பார்த்துக் குசுகுசுப்பது எனக்கல்லவா கேட்கிறது?

ஏப்ரல் 2, செவ்வாய்

நானா தீர்ப்பே சொல்லிவிட்டார். "பெருநாளைக்கு முன்னால அவன் அந்தச் சங்கத்த விட்டு வெலகோணும். இல்லாட்டி நீயும் புள்ளயும் எங்கட வீட்டுக்கு வாங்க. காதிக்கிட்ட நான் பேசுறன்."

காதியா? பிரிக்கப் போகிறார்களா எங்களை? இத்தனை வருடம் ஒரு தட்டில் சாப்பிட்ட மனிதரை? நான் "சரி" என்றேனா, சும்மா தலையாட்டினேனா என்றுகூட நினைவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

நானா சொன்னதை அவருக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில்: "உடுப்பத் திருப்பிக் குடுத்துட்டன்."

நிம்மதியாக இருக்க வேண்டும்தானே? ஏன் இல்லை?

ஏப்ரல் 6, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டு அவரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். ஆள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், சவரம் செய்யாத முகம். "தலைவர் ஏசினாரா?" என்று கேட்டேன். "இல்ல. உடுப்ப வெச்சிக்கிறண்டார். பேர வெட்டலயாம்."

அப்போதுதான் அந்தச் சங்கு. முதலில் என் போன் பழுது என்று நினைத்தேன். ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிற சத்தம். அவர் முகம் மாறிவிட்டது. வெளியே சப்பாத்துகள் ஓடுகின்றன. யாரோ "ஸிபான்!" என்று கத்திவிட்டு, நிற்காமல் ஓடிப்போனான். அவர் அசையவில்லை. இரண்டு முழங்காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தார். எனக்காக உட்கார்ந்திருந்தார். அங்கே யாருடையதோ எரிகிறது, இந்த மனிதர் என் குடும்பத்துக்குப் பயந்து குந்தியிருக்கிறார்!

"எனத்துக்குக் குந்தி ஈக்கிறீங்க? ஓடுங்க!"

நான்தானா கத்தினேன்? நான்தான். ரிஸ்னா பயந்து குசினிக்குள் ஓடிவந்துவிட்டாள்.

"உங்கட நானா..."

"நானாவ நான் பாத்துக்கொள்றன். ஓடுங்க மச்சான், ஓடுங்க!"

அவருடைய போன் எங்கோ விழுந்தது. அதற்குப் பிறகு திரையில் அவருடைய அறை முகட்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கஞ்சி அடிப்பிடித்து மணக்கத் தொடங்கியும் எழும்பத் தோன்றவில்லை.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு கூப்பிட்டார். முகமெல்லாம் கரி. புகைபோக்கியில் பற்றிய நெருப்பாம், கூரையில் ஒரு மூலை போய்விட்டதாம். உள்ளே இருந்த வயதான இரண்டு பேரும் தப்பிவிட்டார்கள். கிழவரைத் தூக்கி வந்ததில் ஒருவர் இவர். இருமிக்கொண்டே சிரித்தார். கடை எரிந்த பிறகு இந்தச் சிரிப்பை நான் பார்க்கவேயில்லை. நான் ஏசினேன், அழுதேன், மறுபடி ஏசினேன்.

ஏப்ரல் 8, திங்கள்

மஹ்ரூப் நானா வேனோடு வந்தார். "மறுபடியும் பெய்ட்டானாமே" என்றார். ஆஸிகாவின் புருஷன் சும்மா இருப்பானா?

"ஓ, பெய்ட்டார்."

"அப்ப சாமான ஏத்து."

"ஏத்த ஒண்டுமில்ல நானா."

வாசலிலேயே நின்றார். என்னை முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"பள்ளில கேட்டா நான் எனத்த சொல்ற?"

"வீடொண்டு எரிஞ்சிச்சு, அணைக்கப் பெய்ட்டாருண்டு சொல்லுங்க. அனுப்பினது நான்தாண்டும் சொல்லுங்க."

வேன் வெறுமையாகத்தான் திரும்பிப் போனது.