முன்னறையில் ஒரு கட்சி

மார்ச் 12, 2009
நகராட்சிக்காரர்கள் மார்க்கெட்டை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே தள்ளப் போகிறார்களாம். எங்கள் கடிகாரக் கடையும் அதோடு போகும். தடுக்கிறேன் என்று இவர் ஒரு கட்சியே ஆரம்பித்துவிட்டார், எங்கள் முன்னறையில். எங்கள் தெரு வக்கீல் தலைவர், இவர் செயலாளர்.
"ஆள் குறையுது, உன் பேரையும் உறுப்பினரா எழுதிட்டேன்" என்றார்.
என்னைக் கேட்டாரா? டீ போட ஒரு உறுப்பினர் வேண்டுமே!

ஜூலை 3, 2009
உட்கார இடமில்லை. கட்டிலை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். காய்கறிக்காரர்கள், மீன்காரம்மா, மூட்டை தூக்குகிறவர்கள் என்று எல்லோரும் வருகிறார்கள். நான் அடுப்படியிலிருந்தே கேட்பேன். தீர்மானத்தைப் படித்துவிட்டு இவர் "வழிமொழிய ஒருத்தர்?" என்பார். அத்தனை பேரும் கையைத் தூக்குவார்கள். ஒருத்தர் போதும் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

அக்டோபர் 21, 2011
ஜெயித்துவிட்டோம்! நகராட்சியே நம் கையில். வக்கீலைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இவர் வாசலில் நின்று அழுகிறார், சிரிக்கிறார். கல்யாணத்தன்றுகூட இந்த மனுஷன் இப்படிச் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 8, 2013
வக்கீலை இந்தப் பக்கமே காணோம். இவரிடம் சொன்னால், "உனக்கு எதுலயும் குத்தம்தான்" என்கிறார்.

பிப்ரவரி 27, 2013
வக்கீல் பெரிய கட்சிக்குப் போய்விட்டார், ஜெயித்தவர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு. போன கையோடு மார்க்கெட்டை இடிக்கக் கையெழுத்து. பாவி, இந்த வீட்டுல எத்தனை டீ குடிச்சிருப்பான்!

ஜூன் 5, 2013
இடித்தாயிற்று. இவர் கடிகாரங்களை அட்டைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே மீன்காரம்மா.
"உங்க மூஞ்சிக்காகத்தானே ஓட்டுப் போட்டேன்?"
இவர் கதவைச் சாத்தவில்லை. அவள் கத்தி ஓயும்வரை தலை குனிந்து நின்றார்.

ஜூன் 6, 2013
இவர் இன்றும் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 2, 2013
கட்சியைக் கலைக்கக் கூட்டம். வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்து, நாற்காலிகளைத் துடைத்து வரிசையாகப் போட்டார். நான் வழக்கம்போல டீ போட்டேன்.
யாரும் வரவில்லை. டீ ஆறிப்போயிற்று.
இவர் எழுந்து, காலி நாற்காலிகளைப் பார்த்துத் தீர்மானத்தை முழுசாகப் படித்தார். "வழிமொழிய ஒருத்தர்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அப்படியே நின்றார். பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.
கையைத் துடைத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் கூட்டத்தில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.
"நான் வழிமொழியறேன்" என்றேன். கையையும் தூக்கினேன்.
அப்புறம் இரண்டு பேருமாகக் கட்டிலைக் கீழே இறக்கினோம்.